வேதனை என்று தலைப்பிட்டார்கள்

ராயக்கோட்டை மண்டியில் சீட்டு எழுதுகிறவள் நான்.
நாட்டு ரகமா, கலப்பு ரகமா, கூடை எத்தனை,
கமிஷன் போக மீதி எவ்வளவு.
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று
யாரும் சொன்னதில்லை. தொகை சரி என்பார்கள்.
போதுமாயிருந்தது
போன பங்குனி வரை.

அன்று கூடை நாற்பது ரூபாய்.
பறிகூலி, வண்டிவாடகை கழித்தால்
கொண்டுவந்தவர்தான் கைக்காசு தரவேண்டும்.
திம்மராயப்பா வண்டியைத் திருப்பினார்.
கெலமங்கலம் சாலையோரம்
பதினெட்டுக் கூடையையும் கவிழ்த்தார்.
சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் நின்றேன்
பில் புத்தகத்தின் பின்னட்டையில் கிறுக்கிக்கொண்டு.

இரவில் அறுநூறு சொல்.
தட்டச்சுக்கு ஜெராக்ஸ் கடை சம்பங்கியிடம் போனேன்.
மனுவா, புகாரா என்று கேட்டான்.
செய்தி என்றேன்.
செய்திக்கு ரேட் தெரியாது,
மனு ரேட்டே போட்டுக்கொள்கிறேன் என்றான்.

மூன்று பத்திரிகைக்கு அனுப்பினேன்.
ஒன்று பேசவே இல்லை.
ஒன்று, சித்திரை வாழ்த்து விளம்பரம்
கால் பக்கம் பிடித்துத் தருவாயா என்றது.
சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்,
பின்னால் மின்விசிறி கடகடக்க:
எத்தனை ஏக்கர்? தோட்டக்கலை அதிகாரி என்ன சொன்னார்?
வயது எங்கே?
வயதில்லாத ஆளைப் பேப்பரில் போட முடியாதும்மா.

திம்மராயப்பாவுக்கே வயது தெரியவில்லை.
ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் வேறு.
ஏரி உடைந்த வருஷம் இவருக்கு நடை வந்ததாம்,
மாமியார் சொன்னதாக மாதம்மா சொன்னாள்.
ஏரி எப்போது உடைந்தது என்று கேட்க
இன்னும் நான்கு வீடு, இரண்டு காபி, ஒரு நாய்க்கடி தப்பியது.
ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.
அந்த எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு.

வெள்ளிக்கிழமை வந்தது.
ஏழாம் பக்கம், அடகுக் கடை விளம்பரத்துக்கு மேலே.
அறுநூறில் நாற்பத்தொன்று மிஞ்சியிருந்தது.
‘தக்காளி விலை சரிவு: விவசாயிகள் வேதனை.’
என் பெயர் இல்லை.
அது இருக்கவேண்டிய இடத்தில்
ராயக்கோட்டை, ஏப். 5 என்று கறுப்பாக.
சரி, ஊர் எழுதியதாகவே இருக்கட்டும்.

ஆனால் வேதனையை நான் எழுதவில்லை.
பட்டிருப்பார். எனக்குத் தெரியாது.
நான் பார்த்தது இவ்வளவுதான்:
எல்லாவற்றையும் கொட்டிய பிறகு குனிந்து,
அடிபடாத பழமாக ஒன்று தேடி எடுத்து,
பனியன் ஓரத்தில் துடைத்துக் கடித்தார்.
சாறு முழங்கைவரை வழிந்தது.
இந்த வாட்டி ருசி நல்லா வந்திருக்கு, என்றார்
என்னிடமல்ல, வண்டியிடம்.
தெலுங்கில் சொன்னார்; தமிழாக்கியது நான்.

அதைத்தான் வெட்டியிருந்தார்கள்.
சேலத்துக்காரரிடம் கேட்டேன்.
இடமில்லை என்றார்.
சற்று நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
நல்ல வரிதான், என்றார் பிறகு.
அந்தத் ‘தான்’ஐ வைத்துக்கொண்டு
மூன்று நாள் சுற்றினேன்.

நாற்பது நாள் கழித்து, கணக்கில் நூற்றிருபது ரூபாய்.
சம்பங்கிக்கு அறுபது.
பேப்பர் ஐந்து பிரதி, போன் ரீசார்ஜ், காபி.
கணக்கு எழுதுகிறவளுக்கு
நஷ்டம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.
அதே வாரம் திம்மராயப்பாவைப் பார்த்தேன்,
நாற்றுப்பண்ணை வாசலில், தட்டு தட்டாக எண்ணிக்கொண்டு.
பேப்பர்ல வயசு கூடப் போட்டுட்டே, என்றார்.

இப்போது கார்த்திகை.
சேலம் கூப்பிடுகிறது:
தேன்கனிக்கோட்டைப் பக்கம்
ராகிக் காட்டில் யானை இறங்கிவிட்டதாம்.
நூறு சொல், ஐந்து மணிக்குள்.
எத்தனை யானை, எத்தனை ஏக்கர், வயது மறக்காதே.

மறக்கமாட்டேன்.
நல்ல வரியை இனி கடைசியில் வைக்கமாட்டேன்.
வயதுக்கும் ஏக்கருக்கும் நடுவில் செருகி,
அதை உருவினால் வாக்கியமே சரியும்படி
முடிச்சுப் போடுவேன்.

முதலாளியிடம் பல்வலி என்று சொல்லியாயிற்று.
பஸ் ஒன்றே காலுக்கு.